மலையில் நிற்கும் பிள்ளை



ஞானப்பழக் கதையை அறியாத சைவ வீடு இல்லை. அம்மையப்பரை வலம் வந்த பிள்ளையாருக்குப் பழம் கிடைத்தது. உலகைச் சுற்றி வந்த முருகப்பெருமான் கோபித்துப் பழனி மலைக்குச் சென்றார். அதன் பின்னர் நடந்ததே பெற்றோருக்குரிய பாடம். கொடுத்த பழத்தை அம்மையப்பர் திருப்பி வாங்கவில்லை. கோபித்த பிள்ளையைக் கண்டிக்கவுமில்லை. அவர் நின்ற மலைக்குத் தாமே சென்று, “பழம் நீயே” என்று தேற்றினர்.

கடும் நோயுற்ற பிள்ளை உள்ள வீடுகளை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1875இல் தொடங்கப்பட்டு, இன்று யூனிவர்சிட்டி அவெனியூவிலே இயங்கிவரும் சிக் கிட்ஸ் சிறுவர் வைத்தியசாலையில் தாயார் இரவு பகலாகக் கட்டிலருகே இருப்பார். தகப்பனார் வேலைக்கும் வைத்தியசாலைக்குமாக அலைவார். நோயுற்ற பிள்ளைக்கு அந்தக் கவனிப்பு வேண்டியதே. மற்றப் பிள்ளையோ உறவினர் வீட்டில் சாப்பிட்டு, தானே பாடம் படித்து, “ஒரு கரைச்சலும் இல்லாத பிள்ளை” என்று பெயர் எடுக்கும். அந்தப் பிள்ளையும் மலையில்தான் நிற்கிறது.

“நான் தம்பியோடு சண்டை பிடித்ததால் வந்ததோ? எனக்கும் வருமோ?” என்று அது தனக்குள் அஞ்சும். வினைப்பயன் எமது சமயக் கொள்கைதான். ஆயினும் “யார் செய்த பாவமோ” என்று பிள்ளைகள் கேட்கப் பேசலாகாது. “நான் செய்ததுதான்” என்று சின்ன மனம் முடிவுகட்டிவிடும்.

ஆகவே பெற்றோர் நோயின் பெயரை எளிய சொற்களில் சொல்லுங்கள். “இது ஒருவருடைய பிழையும் அல்ல” என்று பலமுறை சொல்லுங்கள். ஆங்கிலம் தெரிந்த மூத்த பிள்ளையை டொக்டருக்கு மொழிபெயர்க்க விடாதீர்கள். தாங்க முடியாத செய்தியை அது முதலில் கேட்க நேரிடும். வைத்தியசாலையில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம். கிழமையில் ஒரு மணித்தியாலமாவது அப்பிள்ளைக்கென்றே ஒதுக்குங்கள்.

வெளியிலும் உதவி உண்டு. 1989 முதல் இயங்கும் கிட்ஸ் ஹெல்ப் போனில் பிள்ளைகள் எந்நேரமும் பேசலாம். காம்ப்ஃபயர் சர்க்கிள் முகாம்களில் நோயுற்ற சிறுவர்களின் சகோதரர்களுக்கும் இடமுண்டு. தூர இடங்களிலிருந்து வருவோர் மக்கோல் வீதியிலுள்ள றொனால்ட் மக்டொனால்ட் இல்லத்தில் மற்றப் பிள்ளைகளுடனும் தங்கலாம். விபரங்களை வைத்தியசாலையின் சமூகசேவை உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

உறவினரும் அயலவரும் தொலைபேசி எடுக்கும்போது, “தம்பிக்கு எப்படி?” என்று கேட்குமுன் “நீ எப்படி இருக்கிறாய், பிள்ளை?” என்று கேட்போம். நீச்சல் வகுப்புக்கும் தமிழ் வகுப்புக்கும் அவர்களை ஏற்றி இறக்குவதும் சிவதொண்டே.

அர்ச்சனைக்கு வரும்போது நோயுற்ற பிள்ளையின் பெயர், நட்சத்திரத்தோடு மற்றப் பிள்ளைகளின் பெயர்களையும் சொல்லுங்கள். தன் பெயரும் இறைவன் சந்நிதியில் ஒலிப்பதை அப்பிள்ளை தன் காதால் கேட்கட்டும்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் முருகப்பெருமான் துணையிருப்பாராக.

சுபம்.