அம்மனோடு வழக்கு

குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்கு நிற்கிற சனத்தைப் பார்த்தால், முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு நான் ஒரு தவணை முழுக்கப் படிப்பிக்கிற சமூகவியல் அங்கேயே வரிசையில் நிற்கும். வெள்ளை உடுத்தி, பூத்தட்டோடு நாகதீப விகாரைக்குப் போகும் சிங்களச் சனம். பிறந்த பிள்ளையை நாகபூசணி அம்மனுக்குக் காட்டக் கொண்டுபோகும் எங்கட சனம். ஒரே படகு, ஒரே நயினாதீவு.

சமயம்தான் சனத்தை ஒரு சமூகமாகக் கட்டிவைக்கிறது என்று சமூகவியலாளர் எமில் டர்கைம் 1912இல் எழுதினார். அம்மனின் ஆனித் திருவிழாவில் தேர் இழுபடும்போது அதை மறுக்க முடியாது. கனடாவில் பிறந்த பேரப்பிள்ளைகூட வடத்தைத் தொட்டதும் ஊராள் ஆகிவிடும்.

மார்க்ஸ் வழிவந்தவர்கள் விடுவார்களா? வடம் பிடிக்க யாரை விட்டீர்கள், யாரை விடவில்லை என்று கேட்பார்கள். 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதிச் சனத்தை உள்ளே விடாமல் மறித்ததை மறந்துவிட்டு யாழ்ப்பாணத்தான் பதில் சொல்ல முடியாது. இடத்துக்கான சண்டைக்கு நயினாதீவின் கதையே இருக்கிறது. மணியாசனத்துக்காக அடிபட்ட இரண்டு நாக அரசர்களைப் புத்தர் சமாதானப்படுத்தியதை மகாவம்சமும் சொல்கிறது, மணிமேகலையும் சொல்கிறது. சண்டை தீர்த்த கதையை வைத்துக்கொண்டே இடம் யாருடையது என்று நாங்கள் சண்டை பிடிக்கிறோம்!

மீட், புளூமர் என்ற சமூகவியலாளர்கள் பக்கம் எனக்குக் கொஞ்சம் கூடுதல் சாய்வு. அர்த்தம் பொருளில் இல்லை, ஆட்களுக்கிடையில் பிறக்கிறது என்பார்கள். விகாரையில் கும்பிட்டுவிட்டு அம்மனிடமும் வந்த ஒரு சிங்களத் தாய், ஐயர் கொடுத்த திருநீற்றை என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தாள். மற்றவள் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். அவ்வளவுதான்.

இந்த மூன்றுக்கும் பிடிபடாத ஒருத்தி எங்கள் புங்குடுதீவில் இருக்கிறாள். 2009இல் மகன் காணாமற்போனான். வருடா வருடம் அர்ச்சனைத் தட்டோடு போய், “கண் கெட்டவளே, எங்கையடி என்ர பிள்ளை?” என்று அம்மனை ஏசிவிட்டு வருவாள். ஆறுதல் தேடிப் போகிறாள் என்று எழுதினால் பரீட்சையில் புள்ளி கிடைக்கும். ஆனால் அவள் ஆறுதல் கேட்கவில்லை, கணக்குக் கேட்கிறாள். எதிரில் ஆள் நிற்கிறது என்ற நிச்சயம் இல்லாமல் இப்படி வழக்காட வராது. ஆய்வு செய்யும்போது கடவுளை ஒருபக்கம் ஒதுக்கிவைக்க வேண்டும் என்றார் சமூகவியலாளர் பீற்றர் பேர்கர்; அவரே விசுவாசமுள்ள கிறிஸ்தவர். முறைக்கு அது சரி. ஆனால் ஒதுக்கிவைத்தால் அவளுடைய ஏச்சு போய்ச் சேர இடமில்லாமல், வெறும் சோகமாகச் சுருங்கிவிடுகிறது. அது அவளுக்குச் செய்யும் அநியாயம்.

“சமயத்தின் தொழிற்பாடு ஆறுதல்” என்று எழுதும் விடைத்தாளுக்கு இப்போதெல்லாம் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுத்தான் புள்ளி போடுகிறேன்.