நான்காம் வேற்றுமையும் நானும்

ஆடி மாதம் ஒகேனக்கல்லுக்குப் போனால் குளிக்க முடியுமா முடியாதா என்பது பிலிகுண்டுலுவில் தெரிந்துவிடும். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் அந்த இடத்தில்தான் மத்திய நீர்வள ஆணையம் தண்ணீரை அளக்கிறது. வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி என்று கணக்கு ஏறிவிட்டால், மறுநாள் பேப்பரில் வருஷா வருஷம் வரும் அதே வாக்கியம் வரும்: ‘அருவிகளில் குளிக்கவும் பரிசல் இயக்கவும் தடை விதிக்கப்பட்டுள்ளது.’

முப்பது வருஷம் அரசுப் பள்ளியில் இங்கிலீஷ் எடுத்தவன் நான். அதைப் படித்ததும் என் கை சிவப்புப் பேனாவைத் தேடும். விதித்தது யார்? வாக்கியத்தில் ஆளைக் காணோம்.

எஸ்.வி.ஓ., எஸ்.வி.சி., எஸ்.வி.ஓ.ஏ. என்று நம் மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ‘சென்டென்ஸ் பேட்டர்ன்’ கேள்வி, சுமாராகப் படிக்கும் பிள்ளைக்கும் மார்க் வாங்கித் தரும் கேள்வி. இங்கிலீஷை இப்படி அச்சு அச்சாக வார்த்துக் கொடுக்கலாம் என்று நம்பியவர்களில் ஒருவர் ஹார்ன்பி. 1954-இல் அதற்கென்றே ஒரு புத்தகம் போட்டார். வகுப்பில் நான் சொல்வது இவ்வளவுதான்: “எஸ், அதான் சப்ஜெக்ட், இல்லாம வண்டி கிளம்பாதுடா. யாரு செஞ்சாங்கன்னு மொதல்ல சொல்லு.”

ஒன்பதாம் வகுப்பில் ஒருவன் எழுந்து கேட்டான். பரிசல் ஓட்டுகிற வீட்டுப் பையன். “இட் ஈஸ் ரெயினிங்னு எழுதிப் போட்டிருக்கீங்க சார். மழைதானே பெய்யுது? இந்த இட் யாரு சார்?”

வகுப்பு சிரித்தது. அது டம்மி சப்ஜெக்ட், சும்மா உட்கார வைத்திருக்கிறார்கள் என்றேன். “சும்மா எதுக்கு சார் ஒரு ஆளு?” என்றான். உட்காரச் சொல்லிவிட்டேன். கேள்வி மட்டும் உட்காரவில்லை.

இங்கிலீஷ்காரருக்கு எழுவாய் உட்காரும் அந்த நாற்காலி காலியாக இருக்கக் கூடாது. அவர்கள் எழுத்தில் பக்கத்துக்குப் பக்கம் வருவது ‘இட் ஈஸ்’, ‘தேர் ஈஸ்’. ஆளே இல்லாத இடத்திலும் ஓர் ஆளை நிறுத்திவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்கள்.

நாமோ ஆளிருந்தாலும் மறைத்துவிட்டுப் பேசுவோம். ‘வந்தேன்’ என்றால் போதும், வந்தவன் விகுதியிலேயே இருக்கிறான். இதற்கு நம் இலக்கணம் வைத்த பெயர், தோன்றா எழுவாய். இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தும் இந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் ஏதோ சாமி பெயரைச் சொன்னது போலிருக்கும் எனக்கு.

‘எனக்கு’ என்று எழுதினேன், பாருங்கள். விஷயம் அங்கேதான் இருக்கிறது. ‘ஐ ஆம் ஹங்ரி’ என்பதில் பசியின் முதலாளி ‘நான்’. தமிழில் எனக்குப் பசிக்கிறது, எனக்குக் கோபம் வருகிறது, எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்குக் கல்யாணம் ஆயிற்று. எல்லாம் நான்காம் வேற்றுமை. பசியும் கோபமும் அறிவும் எங்கிருந்தோ வருகின்றன, நான் அவை வந்து சேரும் இடம். இதில் தமிழுக்குத் தனிப் பெருமை ஒன்றும் வேண்டாம். அக்கரையில் கன்னடக்காரரும் ‘நனகெ ஹசிவாகிதெ’ என்றுதான் பசியைச் சொல்கிறார். ஒகேனக்கல் என்ற பெயரே அவர்கள் பாஷைதானே. ஹொகெ என்றால் புகை.

நான் சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன் என்று 17-ஆம் நூற்றாண்டில் டெகார்ட் தத்துவத்துக்கு அஸ்திவாரம் போட்டார். அடுத்த நூற்றாண்டில் ஜெர்மனியில் லிக்டன்பெர்க் என்ற பௌதிகப் பேராசிரியர் அதில் ஒரு கல்லை உருவினார். மின்னல் அடிப்பதை ‘அது மின்னுகிறது’ என்று அவர்கள் மொழியில் சொல்வது போல, சிந்தனையையும் ‘அது சிந்திக்கிறது’ என்றல்லவா சொல்ல வேண்டும், அதற்குள் ‘நான்’ எப்படி வந்தது என்று கேட்டார். பென்னாகரம் சந்தையில் புளி விற்கும் பாட்டி இந்தச் சிரமம் எதுவும் படுவதில்லை. ‘எனக்கு என்னமோ தோணுது’ என்று சொல்லிவிட்டு அடுத்த எடையைப் போடப் போய்விடுவாள்.

இந்த ‘எனக்கு’விலிருந்தே தொடங்கி வழி சொன்ன ஒருவரும் உண்டு. 1902-இல் திருவண்ணாமலை விரூபாட்ச குகையில் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற வருவாய்த்துறை ஊழியர் ரமணரிடம் கேள்விகள் கேட்டார். ரமணர் பேசாமல் இருந்த காலம் அது. பதில்களை எழுதிக் காட்டினார். அதுதான் பிறகு ‘நான் யார்?’ என்ற சிறு நூலானது. அதில் சொல்லும் வழியை ஓர் இலக்கண வாத்தியாராகப் படித்தபோது திடுக்கிட்டேன். எண்ணம் எழுந்தால் அதைத் துரத்த வேண்டாம். இது யாருக்கு எழுந்தது என்று கேட்க வேண்டும். எனக்கு என்று பதில் வரும். அந்த நான் யார் என்று அடுத்துக் கேட்க வேண்டும். நான்காம் வேற்றுமையில் இறங்கி, முதல் வேற்றுமையைத் தேடிப் போகிற பாதை இது. ‘ஐ திங்க்’ என்று தொடங்குகிறவனுக்கு முதல் படியே இல்லாமல் போகிறது. எண்ணத்தின் சொந்தக்காரன் முன்கூட்டியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

இத்தோடு நிறுத்தினால் நம் மொழி ஞானிகளின் மொழி என்று கை தட்டிவிட்டுப் போய்விடலாம். ஆனால் பரிசல் கவிழ்ந்தால் என்ன சொல்கிறோம்? ‘பரிசல் கவிழ்ந்தது.’ அளவுக்கு மேல் ஆள் ஏற்றியவர் யார், லைஃப் ஜாக்கெட் கேட்காமல் ஏறியவர் யார் என்பதெல்லாம் தோன்றா எழுவாய். ‘தப்பு நடந்துபோச்சு.’ ‘கை தவறிடுச்சு.’ அதற்கும் மேலே போனால் ‘எல்லாம் அவன் செயல்’. செய்பவன் நானல்ல என்பது ஞானத்தின் கடைசி வரி. கள்ளத்தனத்தின் முதல் வரியும் அதுவேதான்.

எனக்குத் தெரியும், நானே அப்படி ஒரு வரி எழுதியிருக்கிறேன். இட் யாரு என்று கேட்ட அதே பையன் அரையாண்டில் 62 வாங்கினான். மார்க் ரிஜிஸ்டரில் 26 என்று ஏறியது. பாருங்கள், இப்போதுகூட ‘ஏறியது’ என்றுதான் வருகிறது. அவன் அப்பா அடித்தார். நாலாம் நாள் பள்ளிக்கு வந்தபோது முழங்கை வீங்கியிருந்தது. விளக்கம் கேட்டார்கள். நான் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன்: ‘தி மார்க் வாஸ் ராங்லி என்டர்ட்.’ இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லாத வாக்கியம். ஆளைக் கட்டாயம் கேட்கிற மொழியிலும் ஆள் ஒளிந்துகொள்ள ஒரு பொந்து உண்டு என்பது என்னைப் போன்ற வாத்தியாருக்குத் தெரியாதா?

அவன் இப்போது பரிசல் ஓட்டுகிறான். போன தை மாதம் தண்ணீர் இறங்கியிருந்த நாளில் அவன் பரிசலில் ஏறினேன். இரண்டு பக்கமும் பாறைச் சுவர். சுற்றுலா வந்தவர்களுக்காகப் பரிசலை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டுத் துடுப்பை நிறுத்தினான். அப்போது சொன்னேன், “அந்த 26, தம்பி, நான்தான் தப்பா எழுதினேன்.”

“தெரியும் சார். ரிஜிஸ்டர்ல உங்க கையெழுத்துதானே” என்றான். மறுபடி துடுப்பைப் போட்டான்.

கடவுள் செய்கிறாரா நான் செய்கிறேனா என்ற கேள்வியை இந்த வயதில் நான் தீர்க்கப் போவதில்லை. ஆனால் நாம் மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது மட்டும் புரிகிறது. ஜெயித்தால் ‘நான் ஜெயித்தேன்’, தோற்றால் ‘எனக்கு நேரம் சரியில்லை’. திருப்பிப் போட வேண்டும். கிடைத்ததை எல்லாம் நான்காம் வேற்றுமையில் சொல்லலாம். கெடுத்ததை மட்டும் எழுவாயோடு சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆக்டிவ் வாய்ஸைப் பாசிவ் வாய்ஸாக மாற்றும்போது கடைசியில் வரும் ‘பை மீ’யை விட்டுவிட்ட பிள்ளைகளுக்கு முப்பது வருஷம் அரை மார்க் வெட்டியிருக்கிறேன். என் கடிதத்திலும் அது இல்லை. இன்று வகுப்பெடுக்கிற ஆசிரியர்கள் அந்த அரை மார்க்கைத் தொடர்ந்து வெட்டுங்கள். ஏன் வெட்டுகிறீர்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.