பொதிசோறும் விருந்தும்

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். தொல்காப்பியர் எண்வகை வனப்புகளுள் ஒன்றாக விருந்தைக் கூறுமிடத்தில், புதிதாகப் புனையப்படும் செய்யுளையே அச்சொல்லால் சுட்டுகிறார். வீட்டு வாயிலுக்குப் புதிதாய் வந்த மனிதரையும் அச்சொல் குறித்தது. அவருக்குப் படைக்கும் உணவையும் குறித்தது. இவற்றுள் கடைசிப் பொருளே இன்று நம்மிடம் பெரிதும் எஞ்சி நிற்கிறது. "நாளை எங்கள் வீட்டில் விருந்து" என்று ஒருவர் சொன்னால், என்ன சமையல் என்று கேட்கிறோமே அன்றி, வருபவர் யார் என்று கேட்பதில்லை.

பெங்களூரில் வாழும் நம் குடும்பங்களில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் இச்சொல்லைப் பற்றி ஒரு சிறு வழக்கு நடப்பதுண்டு. தெருமுனையில் உள்ள சிறிய இத்தாலிய உணவகத்திலிருந்து பிள்ளைகள் பார்சல் வரவழைக்கிறார்கள். பீட்சா, பாலாடைக் கட்டி உருகிய பாஸ்தா, பூண்டும் வெண்ணெயும் தடவிச் சுட்ட ரொட்டி ஆகியவை அட்டைப் பெட்டிகளில் வந்து சேர்கின்றன. "பெட்டியில் வருவது எப்படியப்பா விருந்தாகும்?" என்று ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்கள் கேட்கிறார்கள். என் இல்லத்தில் இக்கேள்வியை எழுப்புபவர் என் தாயார். எளிதாகத் தள்ளத்தக்க கேள்வி அன்று அது.

அயல்நாட்டு உண்டி என்பதற்காகவே அதைப் பழிப்பாரும் உளர். அவர்களோடு நெடுநேரம் வாதிட நான் விரும்பவில்லை. தக்காளி இத்தாலியருக்கும் பழஞ்சொத்து அன்று, நமக்கும் அன்று. நம் மிளகாயைப் போலவே அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தது. பீட்சாவின்மேல் இடும் நறுமண இலையோ நம் ஊர்த் திருநீற்றுப்பச்சிலையின் இனம். கன்னடத்தார் அதனைக் காமகஸ்தூரி என்பர். 1996-ஆம் ஆண்டு பீட்சா ஹட் என்னும் அமெரிக்க நிறுவனம் இந்தியாவில் தன் முதற்கடையை இவ்வூர்க் கன்னிங்ஹாம் சாலையில் திறந்தது. இன்று பீட்சா அண்டை வீட்டுப் பண்டம் போல் ஆகிவிட்டது. எல்லை கடந்து வந்து பிழைக்கும் நாம், எல்லை கடந்து வந்த உணவை ஏளனம் செய்தல் அழகன்று.

பொதிந்து வருவதும் நமக்குப் புதிதன்று. கட்டுச்சோறு இல்லாமல் நம் முன்னோர் வழிநடந்தனரா? பெரியபுராணத்தில் சேக்கிழார் ஒரு காட்சியை வைக்கிறார். திருப்பைஞ்ஞீலியை நோக்கி நடந்துவந்த அப்பர் பசியாலும் நீர்வேட்கையாலும் வாடுகிறார். இறைவன் ஓர் அந்தணர் வடிவில், சோலையும் குளமும் அமைத்து, கையில் பொதிசோற்றுடன் வழியில் காத்திருக்கிறான். சோற்றைக் கொடுத்து உண்ணச் செய்து, உடன் நடந்து வழிகாட்டி, ஊரை அணுகும்போது மறைந்துவிடுகிறான். சமைத்தவர் யார் என்பதைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. கொண்டுவந்தவனே அந்தக் கதையின் நாயகன். என் தாயாரின் கேள்விக்கு விடை இக்கதையில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஆயினும் அதற்குமுன் விலை கொடுத்து வாங்குவது பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டும்.

விலைக்கு வாங்கியது விருந்தாகாது என்பது பொதுவான எண்ணம். நம் பழைய விருந்தோம்பல் எவருடைய உழைப்பின்மேல் நின்றது என்பதை எண்ணினால் இந்த எண்ணம் சற்றே தளரும். வந்தவரும் வீட்டாரும் உண்டு எழுந்தபின், அடுப்படியில் ஆறிய சோற்றைத் தனியே உண்டவர் யார்? என் தாயாரே ஐம்பது ஆண்டுகள் அவ்வாறு உண்டவர். தனித்து உண்ணாத பெருமக்களால்தான் உலகம் நிலைபெற்றிருக்கிறது என்னும் கருத்துடைய புறநானூற்றுப் பாடலைக் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி பாடினார். அப்பாடலைப் போற்றிய வீடுகளில்தான் பெண்கள் தனித்து உண்டார்கள். அட்டைப் பெட்டி வந்த மாலையில் என் தாயார் பேரப்பிள்ளைகளுக்கு நடுவே அமர்ந்து, முதற்பந்தியிலேயே உண்கிறார். சுவையைக் குறை கூறிக்கொண்டேதான் உண்கிறார். ஆனால் எல்லோரோடும் உண்கிறார். இந்த ஓர் ஆதாயத்திற்காகவே பார்சல் உணவுக்கு நான் பாதி மதிப்பெண் கொடுத்துவிடுவேன்.

மீதிப் பாதிதான் இடர்ப்பாடு. பீட்சா பிறந்த நேப்பிள்ஸ் நகரில் அது ஏழைகளின் தெருவோர உணவு. செம்பாலான சூட்டுப் பெட்டியைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்ற காலமும் இருந்தது. இன்று உண்டு, எட்டாம் நாள் காசு கொடுக்கும் வழக்கமும் அவ்வூரில் முன்பு இருந்தது. உண்பவர்க்கும் விற்பவர்க்கும் முகப்பழக்கம் இருந்தாலன்றி இது நடவாது. அதே நகரின் காப்பிக் கடைகளில் இன்னொரு வழக்கம். தான் குடித்த ஒரு கோப்பையோடு மற்றொன்றுக்கும் காசு கொடுத்துச் செல்வர். பின்னர் வரும் வறியவர் ஒருவர் அதை விலையின்றிக் குடிப்பார். கொடுத்தவர் யாரென்று குடிப்பவருக்குத் தெரியாது. விலை கொடுத்து வாங்கும் இடத்திலும் விருந்தோம்பல் வாழக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? நாம் அந்நகரின் சுவையை வாங்கிக்கொண்டோம். வழக்கத்தைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டோம். நம் இட்டிலியும் சாம்பாரும் நம்முடன் இவ்வூருக்கு வந்தன. திண்ணை வந்ததா என்பதையும் இங்கே கேட்டுக்கொள்ளலாம்.

நம் வாயிலில் வந்து நிற்பவர் யார்? மழையில் நனைந்த சட்டையும் முதுகில் சதுரப் பையுமாக ஓர் இளைஞர். பெரும்பாலும் நம்மைப் போலவே பிழைப்பைத் தேடி இந்நகருக்கு வந்தவர். மணக்கும் உணவை மடியில் வைத்துக்கொண்டு, தான் இன்னும் உண்ணாமல், நம் பசி தீர விரைந்து வந்தவர். கதவு ஒரு சாண் திறக்கிறது, பெட்டி உள்ளே போகிறது, கதவு மூடுகிறது. சில வீடுகளில் அந்த ஒரு சாணும் இல்லை. வெளியே வைத்துவிட்டுப் போகுமாறு கைப்பேசி வழியே முன்னரே கட்டளை போய்விடுகிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதை என் அலுவலக நண்பர் ஒருவர் வலிமையாகச் சொன்னார். "அவர் விருந்தினர் அல்லர், பணியாளர். அவருக்கு நேரமே கூலி. உள்ளே அழைத்து உபசரித்தால் அடுத்த பார்சல் தாமதமாகும். உம்முடைய அறத்திற்கு அவர் அபராதம் கட்டுவதா?" இதில் உண்மை இருக்கிறது. இரக்கம் காட்டுவதாக எண்ணி ஒருவரைக் கூச வைப்பதும் நல்லதன்று. ஆயினும், உட்கார்த்திப் பரிமாறுவது மட்டும்தானா விருந்தோம்பல்? அனிச்சம் மோந்தால் குழையும் என்ற வள்ளுவர், விருந்தினரோ நாம் முகம் மாறி நோக்கினாலே வாடுவர் என்றார். அவர் அங்கே பேசுவது இலையைப் பற்றியன்று, முகத்தைப் பற்றி. முகம் பார்த்து ஒரு சொல் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மழை நாளில் நாமே கீழே இறங்கி வாயிலுக்குச் சென்று வாங்கிக்கொண்டால் அவருக்கு நேரம் மிஞ்சவே செய்யும். நண்பர் இதற்கு விடை கூறவில்லை, தேநீர் வந்துவிட்டது.

சட்டம் தன் பங்கைச் செய்யத் தொடங்கியிருக்கிறது. 2023-இல் ராஜஸ்தான் முதலில் இத்தகைய தொழிலாளருக்காகச் சட்டம் இயற்றியது. 2025-இல் கர்நாடகமும் இயற்றியது. அவர்களுக்கு அளிக்கும் தொகையைக் கணக்கிட்டு 1 முதல் 5 விழுக்காடு வரை நல நிதிக்கு நிறுவனங்கள் செலுத்த வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. அரசாங்கக் கோப்புகளோடு வாழ்நாளைக் கழிக்கும் எனக்கு இத்தகைய ஏற்பாடுகளின் அருமை தெரியும். விபத்தில் கால் முறிந்தவருக்குப் புன்னகையைக் காட்டிலும் நிதிதான் உதவும். ஆனால் வாயிலில் நிற்பவரை எப்படி நோக்க வேண்டும் என்று எந்த விதியின்கீழ் எழுத முடியும்?

நான் வாழும் அடுக்ககத்தில் மின்தூக்கியின் அருகே ஓர் அறிவிப்புப் பலகை தொங்குகிறது. பொருள் கொண்டுவருவோர் படிகளையே பயன்படுத்த வேண்டும் என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறார்கள். ஐந்தாம் மாடிக்குப் பீட்சா ஆறாமல் வரவேண்டும். கொண்டுவருபவர் மட்டும் ஏறி வரவேண்டும். பாதுகாப்புக் கருதி வைத்தது என்கிறார்கள். படியில் ஏறுபவர் எவ்வாறு மின்தூக்கியில் வருபவரைவிடப் பாதுகாப்பானவர் ஆகிறார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. அடுத்த மாதக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இப்பலகையை அகற்றுவது பற்றிய பொருளைச் சேர்க்குமாறு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதில் கையொப்பமிட்ட மூவருள் ஒருவர் என் தாயார். வயது எழுபத்தாறு. பெயருக்குக் கீழே, "நானும் படியேறிப் பார்த்தேன்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்.