பழைய பலகையும் புதிய பாதையும்

வளர்ந்த மனிதர் ஒருவர் தம் வீட்டின் ஓர் அறை முழுவதையும் பொம்மை இரயிலுக்கென ஒதுக்கிவிட்டார் என்று கேள்வியுற்றால் நம்மில் பலர் முறுவலிப்போம். 'இதற்கும் ஒரு நேரமா, இதற்கும் ஒரு செலவா?' என்று உள்ளுக்குள் கேட்டுக்கொள்வோம். ஆயினும், கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கும்போது நம் இல்லங்களில் நடப்பதைச் சற்றே நினைத்துப் பார்ப்போம். தாளைக் கசக்கி மலை செய்கிறோம். மரத்தூளுக்குச் சாயமேற்றிப் புல்தரை விரிக்கிறோம். கண்ணாடித் துண்டைப் பதித்துக் குளம் என்கிறோம். குடில் கட்டும் அந்நாட்களில் தாத்தாவும் பேரனும் ஒரே வயதினராகிவிடுகின்றனர். இந்த அனுபவம் உடைய நமக்கு, மாதிரி இரயில் அமைப்போரின் உள்ளம் முற்றிலும் அந்நியமானதன்று.

மேலை நாடுகளில் இப்பொழுதுபோக்கு நூறாண்டுகளைக் கடந்தது. ஜெர்மனியின் மெர்க்லின் நிறுவனம் 1891-இல் பொம்மை இரயில்களுக்கான தண்டவாள அளவுகளை முறைப்படுத்தியது. இன்று ஒரு வளையம் வாங்கியவர் அடுத்த ஆண்டு ஒரு நிலையத்தையும், அதற்கடுத்த ஆண்டு ஒரு பாலத்தையும் சேர்த்துக்கொள்ளலாம் என்னும் நிலை பிறந்தது. வளர்ச்சி என்பது தொடக்கத்திலிருந்தே இவ்விளையாட்டின் இயல்பாயிற்று. இன்று பெருவழக்காய் உள்ள அளவு, உண்மையானதில் 87-இல் ஒரு பங்கு. இவ்வளவில் தண்டவாளங்களுக்கிடையே உள்ள அகலம் 16.5 மில்லிமீட்டர், சராசரி மனிதனின் உயரம் இரண்டு சென்டிமீட்டர். ஒரு கிலோமீட்டர் தூரத்தைக் காட்ட வேண்டுமானால் பதினொன்றரை மீட்டர் இடம் வேண்டும். ஆகவே எந்த வீடும் இதற்குப் போதுவதில்லை.

இது வீண்வேலையா என்னும் ஐயத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். மனிதச் செயல்களை நுணுகி ஆராய்ந்த புனித அக்குவினா தோமையார், தம் 'இறையியல் தொகுப்பு' என்னும் பெருநூலில் விளையாட்டைக் குறித்தும் வினா எழுப்பி விடை காண்கிறார். உடல் களைப்புக்கு ஓய்வு தேவைப்படுவதுபோல் உள்ளத்தின் களைப்புக்கும் ஓய்வு தேவை என்பதும், விளையாட்டிலும் ஒரு நற்பண்பு உண்டு என்பதும், மிதமிஞ்சிய விளையாட்டைப் போலவே விளையாட்டே அறியாத கடுகடுப்பும் ஒரு குறை என்பதும் அவர் கருத்து. எனவே விளையாடலாமா என்பதன்று நம் கேள்வி. விளையாட்டிலும் நம் கடமைகள் நம்மைத் தொடர்கின்றன. அவற்றுள் ஒன்றைப் பற்றியே இங்குச் சிந்திக்க விழைகிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன் அமைத்த மாதிரி இரயில் ஒன்று வீட்டின் ஒரு மூலையில் தூசு படிந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அமைத்தவர் தந்தையாய் இருக்கலாம். இளமையில் இருந்த நாமாகவே இருக்கலாம். இப்போது நேரமும் இடமும் கிடைத்திருக்கின்றன. அதைப் புதுப்பித்துப் பெரிதாக்க வேண்டும். பழையதை என்ன செய்வது? முழுவதும் கலைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதா? தொடாமல் வைத்துவிட்டு அருகில் வேறொன்று அமைப்பதா? அல்லது பழையதையே வளர்ப்பதா? கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆயினும் இல்லங்களிலும் தொழில்களிலும் குடும்பப் பழக்கவழக்கங்களிலும் நாள்தோறும் நாம் விடை கூற வேண்டிய கேள்வி இதுவே என்பது வெள்ளிடைமலை.

இக்கேள்விக்குத் தம் கைகளால் விடை கூறியவர் ஒருவர் உண்டு. அமெரிக்காவில் 1913-இல் பிறந்த ஜான் ஆலன் தொழிலால் ஒளிப்படக் கலைஞர். கலிபோர்னியாவின் மான்டெரே நகரில் 1946-இல் ஒரு சிறு மாதிரி இரயிலை அமைக்கத் தொடங்கினார். அதன் அளவு ஏறத்தாழ ஒரு கட்டிலின் அளவே. 'கோர் அண்டு டாபெட்டிட்' என்று அதற்குப் பெயரிட்டார். ஆங்கிலத்தில் அதை உச்சரித்தால் 'குருதி தோய்ந்து தோற்றுப்போனது' என்று காதில் விழும். தம்மைத் தாமே பகடி செய்துகொள்ளும் பெயர். பின்னர் 1950-களில் வேறொரு வீட்டின் நிலவறையில், தரையிலிருந்து கூரை வரை மலைகள் எழும்பி நிற்க, பள்ளத்தாக்குகளின் மேல் பாலங்கள் செல்ல, பெரியதோர் உலகையே படைத்தார். புத்தம் புதிய பெட்டிகளின்மீது துருவும் புகைக்கரியும் படிந்ததுபோல் வண்ணம் தீட்டிப் பழமைத் தோற்றம் தரும் கலையில் அவர் முன்னோடி. பல்லாண்டுகள் அவர் வெளியிட்ட ஒளிப்படங்களைக் கண்டே ஒரு தலைமுறையினர் இக்கலையைக் கற்றனர்.

எமது உள்ளத்தைத் தொட்டது வேறொன்று. அப்பெரிய அமைப்பைக் கட்டியபோது, கட்டிலளவேயான அந்த முதற்பலகையை அவர் எறிந்துவிடவில்லை. புதிய உலகின் ஒரு பகுதியாக அதை உள்ளே சேர்த்துக்கொண்டார். கைத்திறன் பன்மடங்கு வளர்ந்தபின், தம் தொடக்கநாள் வேலையின் குறைகள் அவர் கண்ணில் படாமலா இருந்திருக்கும்? ஆயினும் அதற்கு இடம் கொடுத்தார்.

இடம் கொடுப்பது எளிதன்று. பழைய பலகையோடு புதிய பலகையைச் சேர்க்கும் இடமே மாதிரி இரயில் வேலையில் மிகக் கடினமானது என்று இதில் பழகியோர் அறிவர். இரு பலகைகளின் தண்டவாளங்களும் உயரத்தில் ஒரு மயிரிழை மாறுபட்டாலும் வண்டி அங்கே தடம்புரளும். நாளைக்கும் அதே இடத்தில்தான் தடம்புரளும். மேலே எத்தனை அழகிய மரங்களை நட்டாலும், மலைகளை எழுப்பினாலும் அக்குறை மறையாது. அதைச் சரிசெய்ய ஒரு வழி உண்டு. பழைய பலகை தன் இடத்தில் ஊன்றி நிற்கிறது. அதன்மேல் வீடுகளும் மலைகளும் ஒட்டப்பட்டுவிட்டன. அதை அசைத்தால் விரிசல் விடும். எனவே புதிய பலகையின் கால்களுக்கு அடியில் சிறு ஆப்புகளைச் செருகியோ, கால்களைச் சற்றே இழைத்தோ, பழையதன் மட்டத்திற்குப் புதியதைக் கொண்டுவருகின்றனர். இணையும் அந்த ஓரிடத்திலாவது புதியது பழையதற்கு இணங்கி நிற்க வேண்டும். அதன்பின் அது தன் விருப்பம்போல் மலையேறலாம், பள்ளத்தாக்கில் இறங்கலாம்.

இவ்வாறு சொல்வதால், பழையது அனைத்தையும் அப்படியே போற்ற வேண்டும் என்று நாம் வாதிடுவதாக எவரும் கருத வேண்டாம். முப்பது ஆண்டுப் பழமையான மின்கம்பியின் மேலுறை இறுகி வெடித்திருக்கும். அதை விட்டுவைப்பது பற்று ஆகாது, கவனக்குறைவே ஆகும். பழைய பித்தளைத் தண்டவாளம் கறுத்து மின்னோட்டத்தைத் தடுக்கும். நிக்கல் கலந்த உலோகத் தண்டவாளத்தை இடுவதே அறிவுடைமை. முன்பு பாதையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு விசையை வைத்து வண்டிகளை ஓட்டினர். 1990-களில் பொதுவிதி பெற்ற இலக்கமுறைக் கட்டுப்பாட்டிலோ ஒரே பாதையில் நிற்கும் பல எஞ்சின்களைத் தனித்தனியே இயக்கலாம். இத்தகைய மாற்றங்களை ஏற்பதில் பிழை ஏதுமில்லை. தன் பணியைச் செய்ய இயலாததை மாற்ற வேண்டும். ஒரு கையின் உழைப்பையும் அன்பையும் தாங்கி நிற்பதைக் காக்க வேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறியும் விவேகமே புதுப்பிப்போனிடம் கேட்கப்படுவது. கம்பியை மாற்றும் உரிமை நமக்குண்டு. 'இது என் வேலையைப்போல் நேர்த்தியாக இல்லை' என்னும் ஒரே காரணத்திற்காகத் தந்தையின் மலையை இடிக்கும் உரிமை நமக்குண்டா?

இதனை நாம் நூலறிவால் எழுதவில்லை. எமது தந்தையார் காலணிப் பெட்டி அட்டைகளை வெட்டிக் குடிலுக்கென வீடுகள் செய்வார். பெத்லகேம் சத்திரம் ஒன்றும் அவற்றுள் இருந்தது. அதன் சாளரங்களுக்கு வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே ஒரு சிறு விளக்கையும் வைத்திருந்தார். அவர் மறைந்த இரண்டாம் ஆண்டு, குருமடத்தில் பயின்றுகொண்டிருந்த நாம் விடுமுறைக்கு இல்லம் வந்திருந்தோம். திண்ணை முழுவதையும் நிரப்பும் பெரிய குடில் கட்ட வேண்டும் என்னும் ஆர்வத்தில், கடையில் வாங்கிய சாந்து வீடுகளை அடுக்கினோம்; பூச்சி அரித்த அட்டை வீடுகளைக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்தினோம். தெருவே வந்து பார்த்துப் பாராட்டியது. அன்னையார் நெடுநேரம் பார்த்துவிட்டு, "அப்பா செஞ்ச சத்திரம் எங்கேப்பா?" என்று மட்டும் கேட்டார். சத்திரத்தில் இடமில்லை என்று மறைநூலில் வாசிக்கிறோம். எமது குடிலிலோ சத்திரத்துக்கே இடமில்லாமற் போயிற்று. ஒரு முழத் திண்ணையை அதற்கு விட்டிருக்கலாம். அன்று எமக்கு இடம் பற்றாக்குறையாய் இருக்கவில்லை. பணிவுதான் பற்றாக்குறையாய் இருந்தது.

பழையதைத் தொடாமல் காப்பதற்கும் ஒரு காலம் உண்டு. இங்கிலாந்தின் ஜான் அஹெர்ன் என்பார் 1930-களில் தொடங்கி 'மேடர் வேலி' என்னும் கற்பனைப் பள்ளத்தாக்கின் இரயில்பாதையைத் தம் இல்லத்தில் அமைத்தார். தொடர்வண்டியை மட்டுமன்றி, அது கடந்துசெல்லும் ஊரையும் தெருவையும் ஒருமைப்பாட்டோடு படைத்துக் காட்டிய முன்னோடி அவர். அவர் 1961-இல் மறைந்தபின், ஆக்ஸ்போர்டுஷயரில் உள்ள பெண்டன் அருங்காட்சியகம் அவ்வமைப்பைப் பெற்றுப் பாதுகாத்து வருகிறது. அதை எவரும் விரிவாக்க முற்படவில்லை. படைத்தவரின் சொல் முடிந்துவிட்ட இடத்தில் நம் சொல்லைச் சேர்க்காமல் இருப்பதும் மரியாதையே. ஆயினும் வீடு அருங்காட்சியகம் அன்று. வீட்டில் குழந்தைகள் வளர்கின்றனர். அவர்களுடைய கைகளும் எதையேனும் செய்யத் துடிக்கின்றன. அவர்களைத் தொடவிடாமல் காக்கும் பழமை, அவர்களுடைய அன்பைப் பெறாமலேயே அழிந்துபோகும்.

இனி ஆலனின் கதையின் முடிவைக் கூற வேண்டும். 1973-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள் அவர் மாரடைப்பால் காலமானார். அதன்பின் பத்து நாட்களில் அந்நிலவறையில் தீப்பற்றி, ஏறத்தாழ இருபது ஆண்டுகால உழைப்பு சாம்பலாயிற்று. அவர் காத்து வைத்த அந்த முதற்பலகையும் தப்பவில்லை. அப்படியானால் அதைக் காத்ததன் பயன்தான் என்ன? எறிந்திருந்தாலும் முடிவு ஒன்றுதானே?

ஒன்றன்று. நாம் காப்பவை என்றென்றும் நிலைப்பதற்காகவே காக்கிறோம் என்றால், எதையும் காக்கத் தேவையில்லை. யாவும் ஒருநாள் போகும். இருக்கும் நாள்வரை நன்றியோடு இருப்பதற்காகவே காக்கிறோம். நன்றி என்பது அந்தப் பலகைக்குள் இருந்ததன்று. அதைத் தூக்கி வந்து புதிய அறையில் வைத்த கைகளில் இருந்தது. அதைத் தீ தீண்டவில்லை. ஆலனின் நண்பர்களும் வாசகர்களும் அவருடைய முறைகளைத் தத்தம் வீடுகளில் தொடர்ந்தனர். இதழாசிரியர் லின் வெஸ்ட்காட் அவருடைய படங்களையும் வேலை முறைகளையும் தொகுத்து எழுதிய நூல் 1981-இல் வெளிவந்தது. இன்றும் அதைப் பார்த்துக் கற்போர் உளர்.

அன்பார்ந்த வாசகர்களே, நம் இல்லங்களில் எதையேனும் புதுப்பிக்கவும் பெரிதாக்கவும் முற்படும் வேளையில், கருவியைக் கையில் எடுக்குமுன் ஒரு கணம் நின்று பார்ப்போம். இதில் மாற்றப்பட வேண்டிய கம்பி எது? காக்கப்பட வேண்டிய மலை எது? இரண்டும் இணையுமிடத்தில் நம் பலகையின் கால்களைச் சற்றே இழைக்க நாம் ஆயத்தமா? வீட்டில் வயது முதிர்ந்தோர் இருந்தால், அவர்களையும் அருகில் அழைத்துக் கேட்போம். சில சத்திரங்கள் எங்கே இருக்கின்றன என்பது அவர்களுக்கே தெரியும்.