வேளாண் கல்வியின் வறுமையும் வினைத்தூய்மையும்

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்க அரசு தன் அயல்நாட்டு உதவி முகமையான யுஎஸ்எய்டின் பணிகளை முடக்கியபோது, அந்த நிதியை நம்பி அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் வேளாண் துறைகளில் இயங்கிவந்த ஆய்வகங்கள் பல கதவடைக்க நேர்ந்தது. ஆப்பிரிக்கச் சிறு உழவர்களுக்காக 2013 முதல் சோயா ஆய்வை நடத்திவந்த இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வகம், ஏப்ரல் 15ஆம் நாளோடு மூடப்படுவதாக அறிவித்துத் தன் பணியாளர்கள் சுமார் முப்பது பேரை வேலையிலிருந்து விடுவித்தது. பின்னர் ஓர் அறக்கொடை அமைப்பு ஏறத்தாழப் பத்து லட்சம் டாலர் வழங்கியதால் அதன் பணியில் ஒரு பகுதி மட்டும் பிழைத்தது. இந்த வறட்சி ஒரே ஆண்டில் வந்ததும் அன்று. அமெரிக்க வேளாண்மைத் துறையின் கணக்குப்படி, விலையேற்றத்தைக் கழித்துப் பார்த்தால், அந்நாட்டின் அரசுசார் வேளாண் ஆராய்ச்சிச் செலவு 2002இல் உச்சத்தைத் தொட்டு, 2019க்குள் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டிருந்தது. அரசின் கை சுருங்கும் இடத்தில் விதை நிறுவனங்களும் பூச்சிமருந்து நிறுவனங்களும் கை நீட்டுகின்றன. வருவாய் வற்றிய வேளாண் துறை அந்தக் கையைப் பற்றலாமா என்பது இன்று உலகெங்கும் பல்கலைக்கழகங்களின் முன் நிற்கும் அறக்கேள்வி.

பற்றலாகாது என்பதே அறநூல்களின் வழிநின்று பார்ப்போர்க்குக் கிடைக்கும் விடை. ஒரு பூச்சிமருந்தின் வீரியத்தை அளந்து சொல்லுமாறு ஒரு நிறுவனம் கட்டணம் கட்டிக் கேட்பதிலும், ஆய்வகம் உள்ளதை உள்ளபடி அளந்து சொல்வதிலும் குற்றம் ஏதும் இல்லை. ஒரு துறையில் எந்த ஆய்வு நடக்க வேண்டும், அதன் பயன் முதலில் யாருடைய கைக்குப் போக வேண்டும் என்னும் இரண்டு முடிவுகளிலும் பணம் தருவோருக்குப் பங்கு கொடுக்கும் ஒப்பந்தமே இங்கு எடுத்துக்கொண்ட பொருள். அது எத்தகைய வறுமையிலும் தவறானது. திருக்குறளின் வினைத்தூய்மை அதிகாரம், பெற்றவள் பசித்திருப்பதைக் கண்ணால் காணும் நிலையிலும் சான்றோர் இகழும் செயலைச் செய்ய இசைவு தரவில்லை. தாயின் பசியே காரணமாக ஏற்கப்படாதபோது, நிதிநிலை அறிக்கையின் பற்றாக்குறை எங்ஙனம் காரணமாகும்?

வேளாண் துறைக்கு இந்தக் கட்டுப்பாடு ஏன் கூடுதலாகப் பொருந்துகிறது என்பதை அறிய அதன் பிறப்பைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1862இல் இயற்றப்பட்ட மாரில் சட்டம், ஒவ்வொரு மாநிலத்துக்கும் பொதுநிலத்தை வழங்கி, அதை விற்ற தொகையைக் கொண்டு வேளாண்மையும் தொழிற்கலையும் கற்பிக்கும் கல்லூரிகளை நிறுவச் செய்தது. ‘நிலக்கொடைப் பல்கலைக்கழகம்’ என்ற பெயர் அதனால் வந்தது. 1887இன் ஹாட்ச் சட்டம் அவற்றோடு ஆராய்ச்சி நிலையங்களை இணைத்தது. 1914இன் ஸ்மித்-லீவர் சட்டம், ஆய்வில் கண்டதை உழவரின் வரப்புக்கே கொண்டுசேர்க்கும் விரிவாக்கப் பணியை உருவாக்கியது. (அந்தப் பொதுநிலத்தில் ஒரு கோடி ஏக்கருக்கு மேற்பட்டது பழங்குடிகளிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதும் மறைக்க இயலாத உண்மை; கடன்பட்டுப் பிறந்த நிறுவனத்துக்குக் கடமை கூடுமே தவிரக் குறையாது.) இந்த அமைப்பின் மாதிரியில்தான் 1960இல் இந்தியாவின் முதல் வேளாண் பல்கலைக்கழகம், இல்லினாய் பல்கலைக்கழகத்தின் துணையோடு, பந்த்நகரில் எழுந்தது. கோவையில் 1971இல் அமைந்த தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அந்த வரிசையில் வந்ததே.

கல்விக்கும் உழவுக்கும் பொருள் தரும் கடமை ஆள்வோருடையது என்பது தமிழ் மரபுக்குப் புதிதன்று. பொருளை மிகுதியாகக் கொடுத்தேனும் கற்க வேண்டும் என்று புறநானூற்றின் 183ஆம் பாட்டில் சொல்பவன் புலவன் அல்லன். ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் என்னும் அரசன். அதே நூலில் குடபுலவியனார், உணவு என்பது நிலமும் நீரும் கூடியது என்று விளக்கி, நீர்நிலை அமைத்தலையே தலையாய பணியாகப் பாண்டியனுக்கு எடுத்துரைக்கிறார். வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனிடம், மழை பொய்த்தாலும் விளைச்சல் குன்றினாலும் உலகம் பழிப்பது அரசனையே என்று அறிவுறுத்தி, உழவரின் சுமையைக் குறைக்குமாறு கேட்கிறார். வள்ளுவர் உழவுக்கெனத் தனி அதிகாரம் வகுத்தார்; கம்பர் பெயரில் ஏரெழுபது வழங்குகிறது. இத்தனை சான்றோர் வாக்கும் ஆட்சியாளரின் கதவைத்தான் தட்டச் சொல்கின்றன. வணிகரின் கதவைத் தட்டச் சொல்லவில்லை.

வணிகரின் கதவு தட்டப்பட்டபோது என்ன நேர்ந்தது என்பதற்குக் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் முழுமையான சான்றாகிறது. அதன் வரவு செலவில் ஒருகாலத்தில் பாதியளவாக இருந்த மாநில அரசின் பங்கு, 1990களின் இறுதியில் மூன்றில் ஒரு பங்காகத் தேய்ந்திருந்தது. பழைய வேளாண் கல்லூரியின் வழியில் வந்த இயற்கை வளக் கல்லூரியின் தாவர, நுண்ணுயிர் உயிரியல் துறை, தனக்கு ஒரு கூட்டாளியைத் தேடிப் பல நிறுவனங்களுக்கும் அழைப்பு விடுத்து, 1998 நவம்பரில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் வேளாண் ஆய்வுப் பிரிவோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஐந்தாண்டுகளில் 2.5 கோடி டாலர் வரும். அதற்கு ஈடாகத் துறையின் கண்டுபிடிப்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு உரிமம் பெறுவது குறித்துப் பேச நிறுவனத்துக்கு முதல் வாய்ப்பு வழங்கப்படும். அரசுப் பணத்தில் நடந்த ஆய்வின் விளைவுகளும் அந்தப் பங்கினுள் அடங்கும் என்பதே இதில் உறுத்தும் இடம். மக்கள் வரி கட்டி விதைத்ததை முதலில் பார்வையிடும் உரிமை ஒரு தனி நிறுவனத்துக்குப் போயிற்று. ஒப்பந்தத்தை அறிவித்த செய்தியாளர் கூட்டத்தில் எதிர்ப்பாளர்கள் மேடையை நோக்கித் தின்பண்டங்களை வீசினார்கள்; துறையின் பேராசிரியர்களோ ஏறக்குறைய அனைவரும் கையொப்பமிட்டார்கள்.

உரிமத்தைவிட ஆழமான கேடு அந்தப் பணத்தைப் பங்கிட அமைத்த குழுவில் இருந்தது. ஐந்து இருக்கைகளில் இரண்டு நிறுவனத்தின் ஆட்களுக்கு உரியவை. இரண்டு சிறுபான்மைதானே என்று எண்ணுவது அவையின் இயல்பை அறியாமையாகும். பணம் தருவோர் எதிரில் அமர்ந்திருக்கும்போது, அவர்களுக்கு உவப்பில்லாத ஆய்வுத் திட்டத்தை மற்ற மூவர் மறுக்க வேண்டிய தேவையே எழாது. அத்தகைய திட்டத்தை எவரும் எழுதிக் கொண்டுவர மாட்டார். நன்னூல் ஆசிரியர் பவணந்தியார், கற்பிப்போருக்கு வேண்டிய இயல்புகளைச் சொல்லுமிடத்தில் துலாக்கோலை உவமையாக வைத்தார். திருக்குறளின் நடுவு நிலைமை அதிகாரமும் சான்றோர்க்கு அதையே அணியாகச் சொல்கிறது. அதே அதிகாரம், நடுவுநிலை பிறழ்ந்து வரும் செல்வம் நன்மையே பயக்கும் எனினும் அப்பொழுதே அதைத் துறந்துவிடுமாறு கட்டளையிடுகிறது.

பொய்யான முடிவுகளை வெளியிடும்படி பெர்க்லியில் எவரும் எவரையும் கேட்டதாகக் குற்றச்சாட்டு இல்லை. கேட்கப்படாமலே போகும் வினாக்கள்தாம் இத்தகைய ஒப்பந்தங்களின் விலை. எந்த வினாவுக்கு நிறுவனம் பணம் தரும் என்பதை உழவுத் தொழிலை அறிந்தோர் எளிதில் கணிப்பர். ஆண்டுதோறும் கடையில் வாங்க வேண்டிய வீரிய ஒட்டு விதைக்குப் பணம் வரும்; உழவர் தம் களத்திலேயே எடுத்துவைத்து அடுத்த பட்டத்துக்கு விதைக்கத்தக்க இரகத்துக்கு வராது. பயிர்ச் சுழற்சி, தொழுவுரம், ஊடுபயிர் ஆகியவற்றால் மண்ணில் விளையும் மாற்றத்துக்கு வாங்குவோர் எவரும் இலர். இல்லினாய் பல்கலைக்கழக வளாகத்தின் நடுவே மாரோ பாத்திகள் எனப்படும் சோதனை வயல் 1876 முதல் இருந்துவருகிறது. மக்காச்சோளத்தைத் தொடர்ந்து பயிரிட்டால் மண் என்னாகும், சுழற்சி முறையில் என்னாகும் என்பதே அதன் வினா. 1960களில் அதன் அருகே நூலகம் கட்ட நேர்ந்தபோது, கட்டடத்தின் நிழல் பயிரின்மேல் விழக்கூடாதென்று நூலகத்தை நிலத்துக்கு அடியில் அமைத்தனர். கோவையில் 1909இல் தொடங்கிய நிலையான உரச் சோதனையும் இவ்வினத்தைச் சேர்ந்தது: ஒரே நிலத்தில், ஒரே வகை உரமிட்டு, தலைமுறை தலைமுறையாக விளைச்சலையும் மண்ணையும் அளந்துவரும் பணி. காலாண்டுக்கு ஒருமுறை பங்குதாரருக்குக் கணக்குக் காட்ட வேண்டிய எந்த நிறுவனம் நூறாண்டுப் பொறுமைக்குப் பணம் தரும்?

பெர்க்லியின் மற்றொரு விளைவும் எண்ணத்தக்கது. அதே கல்லூரியின் வேறொரு துறையில் பணியாற்றிய இக்னாசியோ சப்பேலா, நோவார்ட்டிஸ் ஒப்பந்தத்தை வெளிப்படையாக எதிர்த்தவர். மெக்சிகோவின் வஹாக்கா மலைப்பகுதி நாட்டு மக்காச்சோளத்தில் மரபணு மாற்றுப் பயிரின் கூறுகள் கலந்திருப்பதாக, 2001இல் அவரும் அவர் மாணவரும் ‘நேச்சர்’ இதழில் எழுதினர். அதன் ஆய்வு முறை கடும் திறனாய்வுக்கு ஆளானது. வெளியிடுவதற்குப் போதிய சான்று அதில் இல்லை என்று இதழே 2002இல் அறிவித்தது. 2003இல் அவருக்கு நிலையான பணி மறுக்கப்பட்டு, நீண்ட போராட்டத்துக்குப் பின் 2005இல் வழங்கப்பட்டது. அவர் ஆய்வில் குறை இருந்திருக்கலாம். ஆனால் மறுப்புக்குக் காரணம் ஆய்வின் குறையா, ஒப்பந்தத்தை எதிர்த்த வாயா என்ற ஐயம் ஊரெங்கும் எழுந்த பிறகு, பல்கலைக்கழகத்தின் தீர்ப்பை யார் நம்புவர்? நடுவர் ஒருபக்கம் சாயாமல் இருப்பது மட்டும் போதாது. சாய்ந்திருப்பாரோ என்று எண்ண இடம் தராமலும் இருக்க வேண்டும்.

மறுபக்கத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. ஊதியம் வராத ஆய்வாளரும், பாதியில் நிற்கும் முனைவர் பட்ட மாணவரும் அறநூலைத் தின்று வாழ முடியாது. பழுதான கருவியை மாற்றாத ஆய்வகம் உழவர்க்கும் பயன்படாது. பெர்க்லி ஒப்பந்தத்தை ஆராய்ந்து 2004இல் அறிக்கை அளித்த மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகக் குழுவும், எதிர்ப்பாளர்கள் அஞ்சிய கேடுகளில் பல நேரவில்லை என்று ஒப்புக்கொண்டது. ஆயினும் ஒரு துறை முழுவதையும் தழுவும் இத்தகைய உடன்படிக்கைகளைத் தவிர்க்குமாறு அதே குழு பரிந்துரைத்தது என்பதை ஒப்பந்த ஆதரவாளர்கள் சொல்வதில்லை.

புறநானூற்றின் 204ஆம் பாட்டில் கழைதின் யானையார், பிறரிடம் இரப்பதை இழிவாகவும், இரந்தவர்க்கு மறுப்பதை அதனினும் இழிவாகவும், கொடுப்பதை உயர்வாகவும், கொடுத்ததைப் பெற மறுப்பதை எல்லாவற்றினும் உயர்வாகவும் வைத்தார். இந்த அளவையில் அரசும் துறையும் எங்கெங்கு நிற்கின்றன என்பது வெளிப்படை. நிறுவனமோ கொடுப்போர் வரிசையில் சேராது. அது விலைக்கு வாங்க வந்தது. அதே நூலில், அதியமான் தம்மை நேரில் காணாமல் அனுப்பிய பரிசிலை, தாம் வாணிகம் செய்ய வந்தவர் அல்லர் என்று புலவர் பெருஞ்சித்திரனார் மறுத்தார். அவர் பாடல்களில் பேசும் வறுமை, எந்தப் பல்கலைக்கழகத்தின் பற்றாக்குறைக்கும் குறைந்ததன்று.

நிறுவனப் பணம் அரசுப் பணத்தைவிட உறுதியானது என்ற நம்பிக்கையும் ஆதாரமற்றது. 2000ஆம் ஆண்டிலேயே நோவார்ட்டிஸின் வேளாண் பிரிவு மற்றொரு நிறுவனத்தின் பிரிவோடு இணைந்து சின்ஜெண்டாவாக மாறியது. 2003இல் ஒப்பந்தம் முடிந்தபோது புதுப்பிக்கப்படவில்லை. 2007இல் பெர்க்லியும் இல்லினாயும் சேர்ந்து, பயிரிலிருந்து எரிபொருள் எடுக்கும் ஆய்வுக்காக, முந்தையதைப் போல் இருபது மடங்கான 50 கோடி டாலரைப் பத்தாண்டுகளுக்குத் தருவதாகக் கூறிய பிபி எண்ணெய் நிறுவனத்தோடு கைகோத்தன. எண்ணெய் விலை சரிந்ததும் நிறுவனம் தன் பங்கைக் குறைத்துக்கொண்டது.

2023இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் விதையும் பூச்சிமருந்தும் விற்கும் பேயர் நிறுவனத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டதை உழவர் அமைப்புகள் எதிர்த்தன. இந்தியத் துறைகளும் இதே வாயிலுக்கு வந்துவிட்டன என்பதற்கு அது அறிகுறி. வேளாண் கல்வியை நடத்துவோர் முதலில் செய்ய வேண்டியது, எந்த நிறுவனத்தோடு எழுதும் உடன்படிக்கையையும் கையொப்பமிடுவதற்கு முன்பே முழுமையாக, உழவர் படிக்கும் மொழியில், வெளியிடுவது. நிதிப் பங்கீட்டுக் குழுவில் நிறுவனத்துக்கு ஓர் இருக்கையும் தரலாகாது. அரசுப் பணத்தில் விளைந்த எதற்கும் முதல் பார்வை உரிமை தரலாகாது. இந்த நிபந்தனைகளை ஏற்காத பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, துறையைச் சுருக்கிக்கொண்டேனும் நடத்துக. நிதி கேட்டுச் சட்டமன்றத்தின் வாயிலில் ஆண்டுதோறும் நிற்க.