உப்புக்குக் கை உண்டா?

மாசிக் கடைசியில் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்கு மாவடு வந்துவிடும். நவராத்திரிக்கு வேளிமலை முருகன் வந்து தங்குகிற ஆரியசாலை அம்மன் கோயில் இருக்கிறதல்லவா, அதற்கு அடுத்த தெருதான் எங்கள் வீடு. கடைக்கு ஐந்து நிமிட நடை. ஆனாலும் அம்மா என்னை விடியும் முன்னே துரத்துவாள். காம்போடு பறித்ததாக இருக்க வேண்டும், கீழே விழுந்தது ஆகாது, விரலால் அமுக்கினால் கல்லாக இருக்க வேண்டும். வாங்கி வந்ததைக் கழுவி, பழைய வேட்டியில் பரப்பி உலர்த்தி, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்ப்பாள். அடிபட்டதும் காம்பு ஒடிந்ததும் தனியே போகும். மிச்சத்தில் நல்லெண்ணெய் தடவி, பரணியில் ஒரு வரிசை வடு, ஒரு பிடி கல்லுப்பு என்று மாற்றி மாற்றிப் போட்டு வாயைத் துணியால் கட்டுவாள். தண்ணீர் கிடையாது. தினம் ஒரு தடவை குலுக்குவாள், அவ்வளவுதான். மூன்றாம் நாள் திறந்தால் வடுவெல்லாம் தோல் சுருங்கி உப்புநீரில் கிடக்கும்.

நான் 34 வருடம் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவன். ஒரு வருடம் பரணியைத் திறந்தபடியே அம்மா கேட்டாள்: “லேய் மக்கா, நான் ஒரு சொட்டு வெள்ளம் விடல்லை. இது யாரு விட்டா?”

“உப்பு இழுத்திருக்கும்மா.”

“உப்புக்குக் கை உண்டா?”

சிரித்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனேன். பேருந்தில் போகும்போதுதான் உறைத்தது. பிள்ளைகளுக்கும் அத்தனை வருடமாக நான் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்: அடர்ந்த கரைசல் நீரை இழுக்கும் என்று. சவ்வூடுபரவல் என்று கரும்பலகையில் பெரிதாக எழுதிவிட்டு, அதற்குள் இல்லாத ஒரு கையை வைத்துவிட்டேன்.

உப்பு இழுப்பதில்லை. நீரின் மூலக்கூறுகள் எந்நேரமும் நாலா பக்கமும் அலைந்துகொண்டிருப்பவை. மாங்காயின் ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு சவ்வு இருக்கிறது. நீர் அதைக் கடக்கும், உப்பு எளிதில் கடக்காது. உள்ளேயிருந்து வெளியே, வெளியேயிருந்து உள்ளே என்று நீரின் போக்குவரத்து ஓயாமல் நடக்கிறது. வெளியே உப்பு கரைந்து நிற்பதால் அந்தப் பக்கத்திலிருந்து திரும்புவது குறைவு. போனதில் வந்ததைக் கழித்தால் மிஞ்சுவதுதான் பரணியில் நின்ற வெள்ளம். எந்தத் துளிக்கும் தான் போகுமிடம் தெரியாது. மொத்தத்துக்கு மட்டும் ஒரு திசை இருக்கிறது.

சவ்வில் நீருக்கென்றே தனி வாசல் இருப்பதைக் கண்டுபிடித்த பீட்டர் ஆக்ரேக்கு 2003இல் வேதியியல் நோபல் கொடுத்தார்கள். அக்குவாபோரின் என்கிற அந்தப் புரதம் நொடிக்கு நூறு கோடி நீர் மூலக்கூறுகளை ஒற்றை வரிசையில் விடும். உப்பின் அயனி வந்தால் திருப்பி அனுப்பிவிடும். கோயில் நடையில்கூட இத்தனை கண்டிப்பான காவலரை நான் பார்த்ததில்லை.

சவ்வூடுபரவலை முதலில் கவனித்து எழுதியவர் ஒரு பாதிரியார் என்பது எனக்குப் பிடித்த செய்தி. பிரான்சில் 1748இல் நொல்லே என்பவர், சாராயம் நிறைந்த குப்பியின் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பையால் கட்டித் தண்ணீருக்குள் மூழ்க வைத்தார். சில மணி நேரத்தில் அந்தத் தோல் புடைத்துக்கொண்டு நின்றது. சாராயத்தைவிடத் தண்ணீருக்கு அது எளிதாக வழிவிடுகிறது என்று காரணம் சொன்னார். பாதிரியாராக இருந்தும் கடவுளை நடுவில் கொண்டுவரவில்லை.

மறுநாள் அம்மாவிடம் போய்ப் பெரிய விஞ்ஞானியாகத் திருத்தம் சொன்னேன். இழுக்க யாரும் இல்லை, தடுக்கத்தான் ஒன்று இருக்கிறது என்றேன். அவள் பரணியைக் குலுக்கிக்கொண்டே, “தடுக்கதுக்குக் கை வேண்டாமா மக்கா?” என்றாள்.

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. சவ்வை அந்தச் செல்லே கட்டிக்கொள்கிறது, கொழுப்பும் புரதமும் தாமாக அடுக்கி நிற்கின்றன என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் வாயிலிருந்து வந்தது எனக்கு முன்பே பழக்கமான சங்கதி. சைவ சித்தாந்தத்தில் இறைவனுக்கு ஐந்து தொழில்: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். ஒரு வகைத் தடுப்பான அந்த நாலாவதை இளவயதில் எனக்குப் பிடிக்காது. தன்னையே உயிரிடமிருந்து மறைத்துக்கொள்கிற கடவுள் என்ன கடவுள்? அந்த மறைப்பும் அருள்தான் என்று சித்தாந்திகள் சொல்வது, வாதத்தில் தோற்றவர் சொல்லும் சமாதானம் போலத்தான் எனக்குப் பட்டது.

சாந்தோக்கிய உபநிடதத்திலும் உப்பு வருகிறது. உத்தாலகர் மகன் சுவேதகேதுவைக் கூப்பிட்டு இரவில் தண்ணீரில் உப்பைப் போடச் சொல்கிறார். காலையில் மேலே, நடுவே, அடியில் என்று சுவைத்துப் பார்த்தால் எங்கும் உப்பு. கண்ணுக்குத் தெரியாமல் எங்கும் நிறைந்த அதுவே நீ என்கிறார். வகுப்பில் கரைசல் பாடத்துக்கு இந்தக் கதையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அந்தப் பாத்திரத்தில் சவ்வு இல்லை என்பது மட்டும் எனக்குத் தோன்றாமல் போயிற்று. சுவேதகேது அதில் ஒரு மாவடுவைப் போட்டிருந்தால் தகப்பனாருக்கு வேலை கூடியிருக்கும்.

ஆய்வுக்கூடத்தில் உருளைக்கிழங்கைக் கிண்ணமாகக் குடைந்து, உள்ளே சர்க்கரைக் கரைசல் ஊற்றித் தண்ணீரில் நிறுத்துவோம். கரைசல் நின்ற மட்டத்தில் ஒரு குண்டூசி. ஒரு மணி நேரத்தில் மட்டம் ஊசிக்கு மேலே ஏறிவிடும். பக்கத்திலேயே வேகவைத்த கிழங்கு ஒன்றையும் வைப்போம். அதில் ஏறாது. வெந்த கிழங்கில் சவ்வு செத்துவிட்டது. சர்க்கரையும் போகும், நீரும் போகும், எதற்கும் மறிப்பில்லை, அதனால் ஒன்றும் நடப்பதில்லை. அம்மாவின் பரணியிலும் இதுதான். முதலில் நீர் வெளியே வரும். நாள் போகப் போகச் செல் சாகும். அதன் பிறகே உப்பு தடையில்லாமல் உள்ளே இறங்கும். கொட்டை வரைக்கும் உப்புக் கரிக்கிற வடு, உயிர் போன வடு.

உயிர் இறைவனோடு கலக்கும்போது என்ன ஆகிறது என்கிற சண்டைக்கு எங்கள் பேட்டை புதிதல்ல. பக்கத்துத் தைக்காட்டில் அய்யாவு சுவாமிகளிடம் யோகம் பயின்றவர் நாராயண குரு. அவர் போனது, இரண்டும் ஒன்றே என்கிற அத்வைத வழி. தத்துவப் பேராசிரியரான மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை, 1885இல் இந்த ஊரில் சைவப் பிரகாச சபை தோன்றப் பாடுபட்டார். கலப்பது உண்மை, ஆனாலும் உயிர் உயிராகவே இருக்கும் என்பது சித்தாந்தம். அதற்குச் சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவம் இலக்கணத்திலிருந்து உதாரணம் எடுத்தார்: தாளும் தலையும் சேர்ந்தால் தாடலை. ஒரே சொல்லாகக் காதில் விழுகிறது, இரண்டில் எதுவும் அழியவில்லை. பரணியைப் பார்த்த பிறகு என் ஓட்டு உமாபதிக்கு.

இப்படிச் சொன்னதும், நம் முன்னோருக்குச் சவ்வூடுபரவல் அன்றே தெரியும் என்று கிளம்புகிறவர்கள் உண்டு. தெரியாது. அவர்கள் கேட்டது வேறு கேள்வி. என் மாவடுவும் அத்வைதத்தை ஜெயித்துவிடாது. அந்தச் சவ்வே மாயை என்று ஒரு அத்வைதி எழுந்தால் உட்கார வைக்க என்னால் முடியாது. ஆனால் சாலையில் கீரைக்காரி வதங்கிய தண்டங்கீரைக்குத் தண்ணீர் தெளிப்பதை நின்று பார்த்திருக்கிறேன். சற்று நேரத்தில் இலை நிமிரும். உள்ளே கரைந்திருப்பதைச் சவ்வு வெளியே விடாததால் நீர் உள்ளே ஏறி, செல்லின் சுவரைக் கார் டயரின் காற்றைவிடப் பலமாகத் தள்ளுகிறது. அந்த மறிப்பு மாயையாக இருந்தால் இருக்கட்டும், அது உள்ளவரைதான் கீரை நிற்கும். மறைத்தலை அருளோடு சேர்த்தவர்கள் தோற்றுப்போய்ப் பேசவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

கை யாருடையது என்று எனக்கும் அம்மாவுக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. அவள் போன பிறகு வடு போடுவது நான்தான். நீங்களும் போடுவதானால் காம்பு ஒடிந்ததைப் பரணியில் சேர்க்காதீர்கள். அன்றைக்கே பருப்பில் போட்டுவிடுங்கள், நன்றாக இருக்கும்.