அடைத்து வைத்த துக்கம்

பேய்ப் படங்களை அற்பமான பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடும் பெரியோர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. ஆயினும், மனித மனம் தன்னிடமிருந்தே எதை எதையெல்லாம் ஒளித்து வைத்துக்கொள்கிறது என்ற கேள்விக்கு, அந்தப் படங்களிற் சில சொல்லும் பதிலைப் போன்ற நேர்மையான பதில் வேறெங்கும் அபூர்வமாகவே கிடைக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

1909-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளார்க் சர்வகலாசாலையில் நிகழ்த்திய உபந்நியாசங்களில், வேதனை தரும் எண்ணங்களை மனம் பிரக்ஞைக்கு வெளியே தள்ளிவிடும் செயலை விளக்கப் புகுந்த சிக்மண்ட் பிராய்டு, சபையில் கலகம் செய்யும் ஒருவனைச் சிலர் வெளியே தள்ளிவிட்டு, அவன் மீண்டும் நுழையாதபடி கதவையொட்டி நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு காவலிருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளச் சொன்னார். தள்ளப்பட்டவன் போய்விடுவதில்லை; வெளியே நின்று முன்னிலும் மூர்க்கமாகக் கதவை இடிக்கிறான். பத்து வருஷங்களுக்குப் பின், 1919-இல், திகிலைப் பற்றி எழுதிய கட்டுரையில், நம்மை நடுங்க வைப்பது பெரும்பாலும் புதிய வஸ்து அன்று, வெகு காலம் பழகி, அடக்கப்பட்டு, வேற்றுருவில் திரும்பி வரும் பழைய வஸ்துவே என்று அவர் வாதித்தார்.

ஜெனிபர் கென்ட் என்ற ஆஸ்திரேலியப் பெண்மணி 2014-இல் எடுத்த ‘தி பாபடூக்’ படத்திலும் கதவு இடிக்கப்படுகிறது. பிரசவத்துக்கு மனைவியைக் காரில் அழைத்துச் செல்லும் வழியில் விபத்தில் இறந்துபோன ஆஸ்கரின் உடைமைகளையெல்லாம் அவன் மனைவி அமீலியா நிலவறையில் வைத்துப் பூட்டியிருக்கிறாள். அவனைப் பற்றிய பேச்சை அவள் சகிப்பதில்லை. மகன் சாமுவேலின் பிறந்த நாளும் தகப்பன் இறந்த நாளும் ஒன்றே ஆனதால், அந்தத் தினத்தில் அவனுக்குக் கொண்டாட்டமே கிடையாது. அவள் விழுங்கிய துக்கம் ஒரு கரிய உருவமாகி வீட்டைச் சூழ்ந்து, கடைசியில் அவளுக்குள்ளேயே புகுந்து, அவள் வாயால் அந்தப் பாலகனைச் சபிக்கிறது. இந்தக் கட்டமே படத்தின் உயிர்நிலை என்று நான் கருதுகிறேன். ஏனெனில், அடக்கி வைத்தவர் ஒருவராயிருக்க, அதன் கொடுமையை அனுபவிப்பவர் வேறொருவராயிருப்பதே குடும்பங்களில் உள்ள வாஸ்தவம்.

எங்கள் வீட்டிலும், நான் பிறக்குமுன் இறந்துபோன தமக்கையின் பெயரை யாரும் உச்சரித்ததில்லை. ஆனால், ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி பிறந்ததும் அம்மா காரணமின்றி என்மேல் சீறுவாள். அந்தக் கோபத்துக்குரிய குற்றம் என்னிடந்தான் இருக்க வேண்டுமென்று எண்ணியே நான் வளர்ந்தேன். பிரியத்தினாலேயே பெரியவர்கள் மௌனம் காத்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த மௌனமோ குழந்தையைக் காக்கவில்லை.

காரணத்தைத் தெரிந்துகொண்டால் நோய் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர்களும் உண்டு. ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வில் (1960), தாயைக் கொன்று அவள் பிரேதத்தை வீட்டிலேயே வைத்துப் பாதுகாத்த நார்மன் பேட்ஸின் மனநிலையை, கதை முடியும் தறுவாயில் ஒரு வைத்தியர் சாங்கோபாங்கமாக விளக்குகிறார். விளக்கம் முடிந்தபின்னும், சிறையறையில் உட்கார்ந்திருக்கும் அவனுக்குள் தாயின் குரலே பேசிக்கொண்டிருக்கிறது.

அமீலியாவுக்கு அத்தகைய வைத்தியர் எவரும் துணையில்லை. அவள் அந்த உருவத்தை எதிர்த்து நிற்கிறாள், ஆனால் அழிப்பதில்லை. அது நிலவறைக்கு ஓடுகிறது. அவள் தோட்டத்து மண்புழுக்களைக் கிண்ணத்தில் எடுத்துப்போய் அதற்கு ஆகாரம் வைத்து, அது உறுமும்போது சாந்தப்படுத்திவிட்டு மேலேறி வருகிறாள். தகப்பன் இறந்த விதத்தைச் சாமுவேல் அந்நியர் முன்னிலையிலும் தயக்கமின்றிச் சொல்கிறான். அவனுடைய பிறந்த நாள், முதன்முறையாக, அதற்குரிய தினத்திலேயே கொண்டாடப்படுகிறது. பேயை ஓட்டிவிட்டதாகச் சொல்லி முடியும் நூறு படங்களைவிட இந்த முடிவே மேலானது.

உங்கள் வீட்டிலும் பெயர் சொல்லப்படாத ஒரு மரணம் இருக்குமாயின், அந்தப் பெயரை, குழந்தைகளும் கேட்கும்படியாக, வாய்விட்டுச் சொல்லுங்கள்.